விஎம் பேக்கப்: பழைய பாலிசியா புதுசா? மெஷின் மெஷினா பிரிச்சுப் பாத்த ஒரு நிகழ்வு ஆய்வு

அஷூர்ல (மைக்ரோசாஃப்டோட கிளவுட்) விஎம்முக்கு, அதாவது விர்ச்சுவல் மெஷினுக்கு, பேக்கப் போடறவங்களுக்கு இந்தக் குழப்பம் ஒருநாள் வந்தே தீரும். புதுசா பாலிசி (எப்போ பேக்கப் எடுக்கணும், எவ்வளவு நாள் வெச்சுக்கணும்னு சொல்ற விதி) உருவாக்கப் போனா ஸ்டாண்டர்ட், என்ஹான்ஸ்டுன்னு ரெண்டு வந்து நிக்கும். பேரப் பாத்தா ஒண்ணு சாதா, இன்னொண்ணு ஸ்பெஷல், அப்போ ஸ்பெஷலயே எடுத்துட்டா போச்சுன்னு தான் எல்லாருக்கும் தோணும். எங்க டீம்லயும் முதல் மீட்டிங்ல அப்படித்தான் பேச்சு போச்சு, எல்லாத்தையும் ஒரே அடியா புதுசுக்கு மாத்திடலாம்னு. அப்புறம் ஒவ்வொரு மெஷினா எடுத்துப் பிரிச்சுப் பாத்தப்போ முடிவு நேர்மாறா வந்துச்சு. ரொம்ப முக்கியம்னு எல்லாரும் தலைல தூக்கி வெச்சிருந்த டேட்டாபேஸ் சர்வர் பழைய பாலிசியிலயே நின்னுச்சு, யாரும் கண்டுக்காத ஃபைல் சர்வர் தான் புதுசுக்கு முதல் ஆளா போச்சு. ஏன் அப்படின்னு விளக்கமா எழுதறேன்.

இருந்த நிலவரம்

நாற்பது சொச்சம் விஎம். பெரும்பாலும் விண்டோஸ், கொஞ்சம் லினக்ஸ். ஒரு பெரிய எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ்), ரிப்போர்ட்டுக்குன்னு ஒரு சின்ன எஸ்க்யூஎல் சர்வர், ஒரு ஃபைல் சர்வர், ரெண்டு டொமைன் கன்ட்ரோலர் (ஆளுங்களோட லாகின சரிபாக்கற சர்வர்), வெப் சர்வர்கள், பில்ட் மெஷின்கள், அப்புறம் யாருதுன்னே தெளிவா தெரியாத சில பழைய அப்ளிகேஷன் சர்வர்கள் (எல்லா இடத்துலயும் இது இருக்கும், இல்லன்னு சொல்றவங்க இன்னும் லிஸ்ட் எடுத்துப் பாக்கலன்னு அர்த்தம்). எல்லாமே ஒரே ஸ்டாண்டர்ட் பாலிசியில. ராத்திரி 11 மணிக்கு ஒரு பேக்கப், ஸ்னாப்ஷாட் (டிஸ்க் அந்த நொடியில இருந்த நிலையோட காப்பி) 2 நாள், வால்ட்ல (பேக்கப்ப வெக்கற தனிப் பெட்டகம்) தினசரி காப்பி 30 நாள், மாசக் காப்பி, வருஷக் காப்பின்னு நீளமா ஒரு ரிடென்ஷன் (காப்பிய எவ்வளவு நாள் வெச்சுக்கறதுங்கற கணக்கு). யாரோ ஆரம்பத்துல போட்டது, அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல, ஜாப் பச்சையா வந்துட்டிருந்துச்சு, அவ்வளவுதான்.

இதைக் கிளப்பி விட்டது ஒரு புது அப்ளிகேஷன் சர்வர். ஜெனரேஷன் 2 விஎம், ட்ரஸ்டட் லாஞ்ச் (பூட் ஆகறப்பவே பாதுகாப்ப சரிபாக்கற வசதி) ஆன் பண்ணி உருவாக்கினது. அதைப் பழைய பாலிசியில சேக்கப் போனா ஏத்துக்கல, நாங்க பண்ண சமயத்துல ட்ரஸ்டட் லாஞ்ச் விஎம்னா என்ஹான்ஸ்ட் பாலிசி மட்டும் தான். சரி இதுக்கு வேற வழியில்ல, ஒரு என்ஹான்ஸ்ட் பாலிசி உருவாக்கியே ஆகணும், உருவாக்கிட்டா மத்த மெஷினையும் அதுல தூக்கிப் போட்டா என்ன, அப்படித்தான் பேச்சு ஆரம்பிச்சுது.

ரெண்டுக்கும் நெஜமா என்ன வித்தியாசம்

ஸ்டாண்டர்ட்ல ஒரு நாளைக்கு ஒரு பேக்கப் தான் ஷெட்யூல் பண்ண முடியும், இல்லன்னா வாரத்துக்கு. டிஸ்க்குக்குப் பக்கத்துலயே வெச்சுக்கற ஸ்னாப்ஷாட்ட 1 நாள்ல இருந்து 5 நாள் வரைக்கும் வெச்சுக்கலாம், நாம எதுவும் தொடலன்னா 2 நாள். அந்த ஸ்னாப்ஷாட் லோக்கல் ரிடண்டன்ட், அதாவது ஒரே டேட்டா சென்டருக்குள்ள தான் அதோட எல்லா காப்பியும்.

என்ஹான்ஸ்ட்ல 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை வரைக்கும் எடுக்கலாம். 4, 6, 8, 12, 24 மணின்னு இடைவெளி குடுக்கலாம், எந்த நேரத்துல ஆரம்பிக்கணும், எவ்வளவு நேரம் ஓடணும்னும் சொல்லலாம். ஸ்னாப்ஷாட் 1 நாள்ல இருந்து 30 நாள் வரைக்கும், தொடலன்னா 7 நாள். ஸோன் (ஒரே ரீஜனுக்குள்ள, அதாவது ஒரே புவியியல் பகுதிக்குள்ள, தனித்தனியா இருக்கற டேட்டா சென்டர் தொகுதி) இருக்கற ரீஜன்ல அந்த ஸ்னாப்ஷாட் ஸோன் ரிடண்டன்ட்டா இருக்கும், ஒரு ஸோன் மொத்தமா படுத்தாலும் இன்னொரு ஸோன்ல விஎம்ம எழுப்பிக்கலாம். அல்ட்ரா டிஸ்க், ப்ரீமியம் எஸ்எஸ்டி வி2 மாதிரி டிஸ்க் இருக்கற விஎம்முக்கும் இது தான் வேணும்.

இதெல்லாம் டாக்குமென்டேஷன்ல ஒரு டேபிள்லயே இருக்கு, அதைப் பாத்தா புதுசு எல்லா வரிலயும் ஜெயிக்குது. ஆனா அந்த டேபிள்ல பளிச்சுன்னு தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, எங்க முடிவு முழுக்க அதுல தான் நின்னுச்சு.

விஎம் பேக்கப் ரெண்டு கட்டமா நடக்குது. முதல்ல ஸ்னாப்ஷாட் எடுக்கும், அது சீக்கிரம் முடிஞ்சிடும். அப்புறம் அதுல மாறின பிளாக்குகள (டிஸ்க்கோட சின்னத் துண்டுகள்) மட்டும் ரெக்கவரி சர்வீசஸ் வால்ட்டுக்கு அனுப்பும், இதுக்கு மணிக்கணக்கா ஆகலாம். ஸ்னாப்ஷாட் இருக்கறது உங்க சப்ஸ்க்ரிப்ஷனுக்குள்ள, டிஸ்க் இருக்கற அதே ரீஜன்ல. வால்ட்ல இருக்கறது மைக்ரோசாஃப்ட் வெச்சிருக்கற தனி ஸ்டோரேஜ்ல, அங்க உங்க அட்மினே நேரா கைவிட்டு அழிக்க முடியாது, அழிச்சாலும் சாஃப்ட் டிலீட்ல 14 நாள் மீட்டெடுக்கற மாதிரி உக்காந்திருக்கும். இப்போ என்ஹான்ஸ்ட்ல ஒரு நாளைக்கு 6 பேக்கப் எடுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க, அந்த நாளோட முதல் காப்பி மட்டும் தான் வால்ட்டுக்குப் போகும். மிச்ச அஞ்சும் ஸ்னாப்ஷாட்டாவே இருந்து ஸ்னாப்ஷாட்டாவே காலாவதி ஆகும்.

அதாவது "4 மணி நேர ஆர்பிஓ" (அதிகபட்சம் எவ்வளவு நேரத்து டேட்டா போனா தாங்கும்ங்கற அளவு) அப்படிங்கறது யாரோ ஒருத்தர் தப்பா டிலீட் பண்ணது, ஒரு அப்டேட் சொதப்பினது, மதியம் ஓடின ஸ்கிரிப்ட் டேட்டாவ நாசம் பண்ணது இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு. யாராவது அட்மின் அக்கவுன்ட்டக் கைப்பத்தி உள்ள வந்து ரிசோர்ஸ் குரூப்ப (அஷூர்ல சம்பந்தப்பட்டதையெல்லாம் சேத்து வெக்கற தொகுப்பு) தேடித் தேடி அழிச்சா உங்களுக்கு மிஞ்சறது வால்ட்ல இருக்கற ஒரு நாளைக்கு ஒரு காப்பி தான், அந்த விஷயத்துல பழைய பாலிசிக்கும் புதுசுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. பீரோ சாவிய பீரோ மேலயே வெச்சிட்டு ஆறு சாவி இருக்குன்னு சந்தோஷப்படற மாதிரி தான் அது. ரான்சம்வேர் (டேட்டாவப் பூட்டி வெச்சு காசு கேக்கற வைரஸ்) பயத்துல புது பாலிசிக்குப் போறவங்க முதல்ல வால்ட்ட இம்மியூட்டபிளா (காலம் முடியற வரைக்கும் காப்பிய அழிக்க முடியாதபடி) மாத்தறதப் பத்தி யோசிக்கறது நல்லது, அது எந்த பாலிசியா இருந்தாலும் வேலை செய்யும்.

போர்ட்டல்ல ஒரு விஎம்மோட ரெக்கவரி பாயின்ட் (திரும்பப் போகக்கூடிய காப்பி) லிஸ்ட்டத் தொறந்தா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஸ்னாப்ஷாட்டா, ஸ்னாப்ஷாட்டும் வால்ட்டுமா, வால்ட் மட்டுமான்னு போட்டிருக்கும். அந்தக் குறிப்ப முதல் தடவையா உன்னிப்பா பாத்தது அன்னிக்கு தான்னு டீம்ல பாதிப்பேர் சொன்னாங்க.

டேட்டாபேஸ் சர்வர்

பெரிய எஸ்க்யூஎல் சர்வர எடுத்துக்கலாம். மேனேஜ்மென்ட் கேட்டது ரொம்ப சிம்பிள்: "நம்மளோட முக்கியமான டேட்டா அங்க தானே இருக்கு, அதுக்கு 4 மணி நேர பேக்கப் போட்டா நல்லது தானே?" கேக்கறதுக்கு நியாயமா தான் இருக்கு. ஆனா எங்க டிபிஏ (டேட்டாபேஸ் அட்மின்) ஏற்கனவே டேட்டாபேஸுக்குள்ள இருந்து தனியா பேக்கப் எடுத்துட்டிருந்தார். வாரத்துக்கு ஒரு ஃபுல், தினமும் டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்கு அப்புறம் மாறினது மட்டும்), 15 நிமிஷத்துக்கு ஒரு லாக் பேக்கப் (டேட்டாபேஸ்ல நடந்த மாற்றங்களோட பதிவு), எல்லாம் வேற ஸ்டோரேஜுக்குப் போகுது. கடைசி 15 நிமிஷம் தவிர எந்த நேரத்துக்கும் திரும்பப் போகலாம்னு இருக்கறப்போ 4 மணி நேர ஸ்னாப்ஷாட் என்னத்தக் கூட்டிக் குடுக்கப் போகுது? டேட்டாவப் பொறுத்தவரைக்கும் ஒண்ணுமில்ல.

குடுக்கறத விட தொந்தரவு தான் ஜாஸ்தி. விண்டோஸ் விஎம்ல பேக்கப் ஓடறப்போ விஎஸ்எஸ் (விண்டோஸோட ஸ்னாப்ஷாட் சேவை) வழியா அப்ளிகேஷன்கள ஒரு கணம் நிறுத்தி வெச்சு, டிஸ்க்குல எல்லாத்தையும் எழுத வெச்சு, ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு விடும். எஸ்க்யூஎல் எரர் லாகத் தொறந்து பாத்தீங்கன்னா ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஐஓ ஃப்ரோசன்னு ஒரு வரி, ஐஓ ரெஸ்யூம்டுன்னு ஒரு வரி இருக்கும். ராத்திரி 11 மணிக்கு இது நடந்தா யாருக்கும் தெரியாது. மதியம் 12 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும், ஆளுங்க என்ட்ரி போட்டுட்டிருக்கற நேரத்துல நடந்தா ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் வரும்.

இதை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, இதைப் பத்தி விஎம் அட்மின்களுக்கும் டிபிஏக்களுக்கும் நடுவுல பேச்சே நடக்கறதில்ல. அஷூர் விஎம் பேக்கப் விண்டோஸ்ல டிஃபால்ட்டா விஎஸ்எஸ் ஃபுல் பேக்கப் தான் எடுக்குது. எஸ்க்யூஎல் சர்வர் அதை ஒரு ஃபுல் பேக்கப்பாவே கணக்குல எழுதிக்கும். அப்போ அதுக்கப்புறம் டிபிஏ எடுக்கற டிஃபரன்ஷியலுக்கு அடிப்படை அவரோட ஞாயித்துக்கிழமை ஃபுல் இல்ல, விஎம் பேக்கப் எடுத்த அந்த ஸ்னாப்ஷாட். ரீஸ்டோர் பண்ற அன்னிக்கு ஞாயிறு ஃபுல்லப் போட்டு மேல டிஃபரன்ஷியலப் போட்டா, பொருந்தலன்னு எரர் அடிக்கும். லாக் செயின் (லாக் பேக்கப்களோட தொடர்ச்சி) உடையாது, அதனால ஃபுல் போட்டு எல்லா லாகையும் வரிசையா போட்டு மீட்டுடலாம், ஆனா வாரக் கடைசில படுத்துச்சுன்னா நூத்துக்கணக்கான லாக் ஃபைல வரிசையா ஓட்டிட்டு உக்காந்திருக்கணும். ஒரு நாளைக்கு ஒரு விஎம் பேக்கப்புக்கே இந்தக் கதை, ஆறு தடவைன்னா டிஃபரன்ஷியலோட அடிப்படை நாளெல்லாம் மாறிட்டே இருக்கும்.

இதுக்கு வைத்தியம் உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில (செட்டிங் வெச்சிருக்கற இடம்) பிசிடிஆர்ஏஜென்ட் (BCDRAgent) கீழ யூஸ்விஎஸ்எஸ்காப்பிபேக்கப்னு (USEVSSCOPYBACKUP) ஒரு வேல்யூ இருக்கு, அதை ட்ரூன்னு வெச்சா காப்பி பேக்கப்பா (டிஃபரன்ஷியலுக்கு அடிப்படையா கணக்குல ஏறாத காப்பி) எடுக்கும், டிஃபரன்ஷியல் தொந்தரவு போயிடும். பெரிய சர்வர்ல டிபிஏ இதை எப்பவோ போட்டு வெச்சிருந்தார். சின்ன ரிப்போர்ட் சர்வர்ல போடல, ஆனா அங்க தினமும் ஃபுல் மட்டும் தான், டிஃபரன்ஷியலே கிடையாது, அதனால சேதமில்ல. உங்க சர்வர்ல எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னா எம்எஸ்டிபில (msdb, எஸ்க்யூஎல் சர்வர் தன்னோட பேக்கப் வரலாற வெச்சிருக்கற டேட்டாபேஸ்) பேக்கப்செட் டேபிளப் பாருங்க. ஸ்னாப்ஷாட்டான்னு சொல்ற ஃபீல்டும் காப்பி ஒன்லியான்னு சொல்ற ஃபீல்டும் அதுல இருக்கு. ஸ்னாப்ஷாட்டுக்கு 1, காப்பி ஒன்லிக்கு 0ன்னு வரிகள் இருந்தா, பக்கத்துலயே டிஃபரன்ஷியலும் ஓடிட்டிருந்தா, இன்னிக்கே டிபிஏ கிட்ட பேசிடுங்க.

முடிவு: பெரிய எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்ட்லயே இருக்கட்டும், ராத்திரி ஒரு தடவை போதும். அந்த விஎம் பேக்கப்போட வேலை ஓஎஸ், இன்ஸ்டாலேஷன், செட்டிங், ஜாப்கள் இதையெல்லாம் காப்பாத்தறது. டேட்டா வர்றது நேட்டிவ் பேக்கப்ல (டிபிஏ டேட்டாபேஸுக்குள்ள இருந்து எடுக்கறது) இருந்து. டேட்டா டிஸ்க விட்டுட்டு ஓஎஸ் டிஸ்க் மட்டும் எடுத்துக்கலாமேன்னும் ஒரு பேச்சு வந்துச்சு, அந்த வசதியும் இருக்கு, ஆனா நேட்டிவ் பேக்கப் ஒருநாள் யாருக்கும் தெரியாம நின்னு போயிருந்தா விஎம் காப்பி தான் கடைசி கதின்னு டிபிஏ சொன்னார், அதுக்கு மேல யாரும் வாதாடல.

ஃபைல் சர்வர்

இங்க கதையே வேற. ஃபைல் சர்வருக்கு லாக் பேக்கப்னு ஒண்ணு கிடையாது. ராத்திரி 11 மணி காப்பி தான் இருக்கு, மறுநாள் சாயங்காலம் 5 மணிக்கு யாரோ ஒரு எக்செல் ஷீட்டு மேல பழைய ஷீட்ட சேவ் பண்ணிட்டா நாள் முழுக்க பண்ண வேலை போச்சு. ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்ல பேக்கப் சம்பந்தமா வந்ததப் பிரிச்சுப் பாத்தா பெரும்பாலானது இது தான்: சர்வர் படுக்கல, டிஸ்க் போகல, ஒரு ஆள் ஒரு ஃபோல்டர வேற எங்கயோ இழுத்துப் போட்டுட்டார், இல்ல அழிச்சுட்டார், இல்ல மேலயே சேவ் பண்ணிட்டார். இந்த மாதிரி சின்னத் தப்பு தினமும் நடக்குது, நடக்கற நேரமும் பகல் நேரம். 4 மணி நேர ஸ்னாப்ஷாட் இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சு 4 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு 12 மணி நேரம் ஓடற மாதிரி போட்டோம், ராத்திரி யாரும் வேலை பாக்கறதில்ல, அந்த நேரத்துக்கு எடுத்து என்ன பண்றது. ஆனா இதுல ஒரு பக்க விளைவு இருக்கு, முதல்ல யாரும் யோசிக்கல, வைட்போர்டுல வரைஞ்சு பாத்தப்போ தான் தெரிஞ்சுது: வால்ட்டுக்குப் போற அந்த ஒரு காப்பி முன்ன ராத்திரி 11 மணி காப்பியா இருந்துச்சு, இப்போ காலை 8 மணி காப்பி. ஃபைல் சர்வருக்கு இது பரவால்ல, இன்னும் நல்லது கூட. ராத்திரி பேட்ச் ஜாப் (batch) ஓடி விடியக்காலைல ரிசல்ட் எழுதற சர்வரா இருந்தா, பேட்ச் முடியறதுக்கு முன்னாடியா பின்னாடியா எந்தக் காப்பி வால்ட்டுக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டு தான் ஆரம்ப நேரத்த வைக்கணும்.

ஒரு நேர்மையான எதிர்வாதம் டீம்ல ஒருத்தர் வெச்சார். விண்டோஸ்லயே ஷேடோ காப்பி இருக்கே, ஷேர்ல ரைட் க்ளிக் பண்ணி ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் போனா யூஸரே எடுத்துக்கலாமே, ஒரு வால்யூமுக்கு 64 வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்கு எதுக்கு புது பாலிசின்னு. நியாயமான கேள்வி. அதையும் ஆன் பண்ணோம், ஏன்னா டிக்கெட்டே இல்லாம யூஸர் தானே சரி பண்ணிக்கறது தான் எல்லாத்துலயும் மேல. ஆனா ஷேடோ காப்பி அதே டிஸ்க்குக்குள்ள வாழுது, ஒதுக்கின இடம் நிறைஞ்சா பழசு சத்தமில்லாம போயிடும், ரான்சம்வேர் உள்ள வந்தா முதல் வேலையா அதைத்தான் அழிக்கும். அதனால அது முதல் வரிசை, ஸ்னாப்ஷாட் ரெண்டாவது வரிசை, வால்ட் மூணாவது.

ஸ்னாப்ஷாட்ல இருந்து ஒரே ஒரு ஃபைல எடுக்கறதும் சுலபம் தான். போர்ட்டல்ல ஃபைல் ரெக்கவரி போனா ஒரு ஸ்கிரிப்ட் குடுக்கும், ஓட்டினா அந்த ரெக்கவரி பாயின்ட்டோட டிஸ்க் ஐஸ்கஸி (நெட்வொர்க் மூலமா டிஸ்க்க இணைக்கற முறை) வழியா டிரைவா வந்து உக்காரும், வேணுங்கறத காப்பி பண்ணிட்டு அன்மவுன்ட் பண்ணிடலாம். 12 மணி நேரத்துக்கு அது இருக்கும்.

பில் எங்க ஏறுது

ஃபைனான்ஸ்ல இருந்து ஒரே கேள்வி, எவ்வளவு ஏறும். இதுக்கு சரியான பதில் சொல்லணும்னா உங்க டிஸ்க்குல ஒரு நாளைக்கு எவ்வளவு மாறுதுன்னு தெரியணும். இன்க்ரிமென்டல் ஸ்னாப்ஷாட் முந்தினதுல இருந்து மாறினதுக்கு மட்டும் தான் காசு வாங்குது, டிஸ்க் ப்ரீமியமா இருந்தாலும் ஸ்னாப்ஷாட்ட ஸ்டாண்டர்ட் ஸ்டோரேஜ்ல தான் வைக்குது. ஒரு நாளைக்கு 20 ஜிபி மாறுதுன்னா 2 நாள் வெச்சா 40 ஜிபி, 7 நாள் வெச்சா 140, 30 நாள் வெச்சா 600. டிஸ்க்கே 500 ஜிபி தான்னா ஸ்னாப்ஷாட் டிஸ்க்க விட பெருசாயிடும்.

இதுல ஒளிஞ்சிருக்கற விஷயம், ஒரு நாளைக்கு 6 எடுத்தாலும் மாறின 20 ஜிபி தானேன்னு கணக்குப் போடக் கூடாது. ஒரே பிளாக் நாள் முழுக்க திரும்பத் திரும்ப எழுதப்படுதுன்னா, தினம் ஒரு ஸ்னாப்ஷாட்னா அது ஒரு தடவை தான் சேரும், 6 ஸ்னாப்ஷாட்னா 6 தடவை வரைக்கும் சேரலாம். டேட்டாபேஸ் ஃபைல்கள் இப்படித்தான், சூடான பிளாக்குகள் ஓயாம மாறும். ஃபைல் சர்வர்ல அப்படி இல்ல, ஒரு தடவை எழுதினா பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதனால எங்க 4 மணி நேரம் கம்மி செலவோ அங்க தான் அது அதிக பிரயோஜனமாவும் இருந்துச்சு, எங்க செலவு ஜாஸ்தியோ அங்க தேவையே இல்லாம போச்சு. நாங்க திட்டம் போட்டு வந்த அதிர்ஷ்டம் இல்ல இது, ரெண்டு சர்வரோட சுபாவம் அப்படி.

இன்னொண்ணும் கவனிங்க. எஸ்க்யூஎல் டம்ப்ப (பேக்கப் ஃபைல) அதே விஎம்மோட டிஸ்க்குல எழுதி அப்புறம் வேற இடத்துக்குக் காப்பி பண்ற பழக்கம் நெறைய இடத்துல இருக்கு. அந்த டம்ப் முழுக்க மாறின டேட்டாவா கணக்காகி ஸ்னாப்ஷாட்லயும் வால்ட்லயும் தினமும் ஏறும். இன்டெக்ஸ் ரீபில்ட், டிஃப்ராக், லாக அமுக்கி ரொட்டேட் பண்றது எல்லாமே அப்படித்தான். பாலிசி மாத்தறதுக்கு முன்னாடி இதை ஒழுங்கு பண்ணினாலே பில் இறங்கும். பேஜ் ஃபைல் டெம்ப் டிஸ்க்குல இருந்தா கவலையில்ல, டெம்ப் டிஸ்க்க பேக்கப் எடுக்கறதில்ல.

விஎம்வேர் (வேற கம்பெனியோட விஎம் மென்பொருள்) பின்னணில இருந்து வந்த ஒருத்தர் 30 நாள் ஸ்னாப்ஷாட்னு கேட்டதுமே அலறிட்டார். அவர் பயம் நியாயம், விஎம்வேர்ல ஸ்னாப்ஷாட்ட 72 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்காதீங்கன்னு அந்தக் கம்பெனியே சொல்லுது, ஏன்னா அங்க விஎம் அந்த டெல்டா ஃபைல் (மாற்றங்கள் மட்டும் சேர்ற ஃபைல்) மேல தான் எழுதிட்டே ஓடும், சங்கிலி நீள நீள வேகம் குறையும், டிஸ்க் இடம் நிறையும். அஷூர் மேனேஜ்டு டிஸ்க்கோட ஸ்னாப்ஷாட் அந்த வகை இல்ல, அது தனியா ஒரு காப்பி, ஓடற டிஸ்க் அதுல சாஞ்சு நிக்கல. 30 நாள் வெச்சா வேகம் போகாது, காசு தான் போகும்.

நாங்க ஃபைல் சர்வருக்கு 7 நாள்ல நிறுத்திக்கிட்டோம். வாரத்துக்கு மேல ஆன ஃபைல் வேணும்னு வர்றவங்க ரொம்பக் கம்மி, அவங்க வால்ட் காப்பில இருந்து கொஞ்சம் காத்திருந்து வாங்கிக்கட்டும்.

மத்த மெஷின்கள், சுருக்கமா

டொமைன் கன்ட்ரோலருக்கு தினம் ஒண்ணு போதும், பழைய பாலிசி. ஆனா அதுக்கு வருஷக் காப்பி வெச்சிருந்தது வேஸ்ட், ஆக்டிவ் டைரக்டரில (அக்கவுன்ட்டெல்லாம் இருக்கற டைரக்டரி) டூம்ப்ஸ்டோன் லைஃப்டைம் (அழிச்ச அக்கவுன்ட்டோட குறிப்ப வெச்சிருக்கற காலம்) சாதாரணமா 180 நாள், அதைத் தாண்டின காப்பிய எடுத்து உயிர் குடுத்தா பிரச்சனை தான் வரும். அதுக்குன்னு சின்ன ரிடென்ஷனோட தனியா ஒரு ஸ்டாண்டர்ட் பாலிசி. வெப் சர்வர்கள் கோட்ல இருந்து உருவாகறது, வாரத்துக்கு ஒண்ணு. பில்ட் மெஷினுக்கு பேக்கப்பே வேணாம்னு எடுத்துட்டோம், அதுல மிச்சமான காசு ஃபைல் சர்வர் ஸ்னாப்ஷாட்டுக்கு ஈடாச்சு. ட்ரஸ்டட் லாஞ்ச் சர்வர் என்ஹான்ஸ்ட்ல, ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு தான், என்ஹான்ஸ்ட்னா 4 மணி நேரம் போட்டே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இதை நெறைய பேர் கவனிக்கறதில்ல.

லினக்ஸ்ல ஒரு விஷயம் மட்டும். அங்க டிஃபால்ட்டா கிடைக்கறது ஃபைல் சிஸ்டம் அளவுல ஒழுங்கான காப்பி, அப்ளிகேஷன் அளவுல இல்ல. அது வேணும்னா பேக்கப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓடற ஸ்கிரிப்ட் நாமளே எழுதிக் குடுக்கணும். 4 மணி நேரத்துக்கு ஒண்ணு எடுத்தா மட்டும் இது மாறிடாது.

மாத்தறப்போ பாக்க வேண்டியது

முதல்ல, ஸ்டாண்டர்ட்ல இருந்து என்ஹான்ஸ்டுக்குப் போகலாம், அங்கிருந்து திரும்பி ஸ்டாண்டர்டுக்கு வர முடியாது. இது ஒண்ணே போதும், "எல்லாத்தையும் மாத்திடலாம், பிடிக்கலன்னா பாத்துக்கலாம்" அப்படிங்கற பேச்ச நிறுத்தறதுக்கு. எங்க மீட்டிங்ல அந்த வரிய ஸ்க்ரீன்ல காட்டினதுக்கு அப்புறம் தான் மெஷின் மெஷினா பாக்கலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

ரெண்டாவது, ரொம்ப ஆபத்தானது. ஒரு விஎம்ம வேற பாலிசிக்கு மாத்தினா புது பாலிசியோட ரிடென்ஷன் ஏற்கனவே இருக்கற ரெக்கவரி பாயின்ட்டுக்கும் சேர்ந்து பொருந்தும். புதுசுல தினசரி 30 நாள் மட்டும் போட்டுட்டு மாச, வருஷக் கணக்க விட்டுட்டீங்கன்னா, பல வருஷமா சேத்து வெச்ச பழைய காப்பிகள் அடுத்த க்ளீனப்ல போயிடும். எங்க கிட்ட முதல்ல வந்த டிராஃப்ட் பாலிசி அப்படித்தான் இருந்துச்சு, ரிவ்யூல பழைய பாலிசியையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா ஒத்துப் பாத்ததுனால பிடிச்சோம். ஆடிட்டுக்குன்னு வருஷக் காப்பி வெச்சிருக்கற இடமா இருந்தா இந்த ஒரு படிய யாரும் தாண்டிப் போக வேணாம்.

மூணாவது, ஸ்னாப்ஷாட் வைக்கறதுக்குன்னு பேக்கப் தானே ஒரு ரிசோர்ஸ் குரூப் உருவாக்கிக்கும், அஷூர்பேக்கப்ஆர்ஜின்னு ஆரம்பிக்கற பேரு. பாதுகாப்பா இருக்கட்டும்னு யாராவது அதுல டிலீட் லாக் (அழிக்க விடாத பூட்டு) போட்டா பழைய ஸ்னாப்ஷாட்ட பேக்கப்பால அழிக்க முடியாம சேந்துட்டே போகும், ஒரு கட்டத்துல பேக்கப்பே ஃபெயில் ஆகும். டேக் இல்லாம ரிசோர்ஸ் குரூப் உருவாக்கக் கூடாதுன்னு கம்பெனி ரூல் வெச்சிருந்தா அதுவும் இடிக்கும், அப்படி இருந்தா பாலிசியிலயே நீங்க ஏற்கனவே உருவாக்கின குரூப்போட பேரக் குடுத்துடலாம்.

வால்ட்டோட ரிடண்டன்சியும் (காப்பிகள எங்கெங்க பரப்பி வெக்கறதுங்கற செட்டிங்) இந்த நேரத்துல பாருங்க, ஆனா ஏற்கனவே ஐட்டம் இருக்கற வால்ட்ல அதை மாத்த முடியாது, மாத்தணும்னா புது வால்ட் தான். அதனால அதை இந்த வேலையோட சேத்துக்கல.

மாத்தினதுக்கு அப்புறம் ஃபைல் சர்வர தனி நெட்வொர்க்ல ரீஸ்டோர் பண்ணிப் பாத்தோம், ஒரு தடவை ஸ்னாப்ஷாட்ல இருந்து, ஒரு தடவை வால்ட் மட்டும் இருக்கற பழைய பாயின்ட்ல இருந்து. ரெண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் பாத்தவுடனே தெரியும், பெரிய டிஸ்க்குன்னா வால்ட்ல இருந்து எழுந்து வர்றதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது. மேனேஜ்மென்ட்டுக்குக் குடுக்கற ஆர்டிஓ (திரும்ப எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகலாம்ங்கற இலக்கு) கணக்குல நாங்க எழுதினது வால்ட் நேரத்த தான், ஸ்னாப்ஷாட் நேரத்த இல்ல. ஸ்னாப்ஷாட் இருந்தா போனஸ்.

இன்னும் தொங்கிட்டிருக்கறது சின்ன ரிப்போர்ட் சர்வர். இப்போதைக்கு அது ஸ்டாண்டர்ட்ல இருக்கு. அதோட டிஸ்க்க ப்ரீமியம் எஸ்எஸ்டி வி2க்கு மாத்தற திட்டம் ஒண்ணு ஓடுது, மாத்தினா என்ஹான்ஸ்டுக்குப் போய் தான் ஆகணும், போனா திரும்ப வழியில்ல. அதனால டிஸ்க் மாத்தற டிக்கெட்லயே காப்பி பேக்கப் ரெஜிஸ்ட்ரி வேல்யூ, ரிடென்ஷன் ஒத்துப் பாக்கறது, ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும்னு மூணையும் எழுதி டிபிஏ பேர்ல அசைன் பண்ணி வெச்சிருக்கோம்.